நவாபுச் செலவு

பணத்தை வாரி இறைப்பவனைத் ‘தண்ணீராய்ச் செலவழிக்கிறான்’ என்கிறோம். ஆங்கிலேயரும் அப்படியே சொல்வார்கள். குடிபோதையிலுள்ள மாலுமியை உவமை காட்டுவதும் அவர்கள் வழக்கம். ஆனால், ‘இவர் பெரிய நவாபு!’ என்று நாம் சொல்கிறோமே, அதற்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது.

அதில் காவேரிப்பட்டினத்துக்கும் இடமுண்டு. சோழர் துறைமுகத்தைச் சொல்லவில்லை. கிருஷ்ணகிரிக்கு அருகே, தென்பெண்ணைக் கரையில் உள்ள ஊர். கும்பினியார் வசமிருந்த இவ்வூர்க் கோட்டையை 1767 ஆகஸ்டில் ஹைதர் அலி கைப்பற்றினார். 1769-இல் சென்னை வாசலுக்கே வந்து உடன்படிக்கை செய்துகொண்ட பிறகுதான் யுத்தம் ஓய்ந்தது.

யுத்தச் செலவைக் கும்பினியார் யார் தலையில் கட்டினார்கள்? ஆர்க்காட்டு நவாபு முகமது அலியின் தலையில்தான். நவாபும் சளைத்தவரல்ல, யுத்தத்தின் நடுவே, 1768-இல், சேப்பாக்கத்தில் அவருக்கு அரண்மனை எழும்பி நின்றது. கையில் பணம் ஏது? கடன்தான். கொடுத்தவர்களில் பலர் கும்பினி உத்தியோகஸ்தர்கள். அதற்கு ஈடு, கிராமங்களின் வரி வசூல்.

இந்தியாவில் பணம் குவித்துத் தாயகம் திரும்பியவர்களை ‘நேபாப்’ என்று லண்டன் கேலி செய்தது. நம் ‘நவாபு’தான் அங்கே அப்படித் திரிந்தது. 1772-இல் சாமுவேல் ஃபுட் அந்தப் பெயரிலேயே நாடகம் போட்டார். ஆர்க்காட்டுக் கடன்களின் வண்டவாளத்தை எட்மண்ட் பர்க் 1785-இல் பார்லிமெண்டில் வெளுத்து வாங்கினார்.

கடன் வாங்கியவர் நமக்கு நவாபு. கொடுத்தவர் அவர்களுக்கு நவாபு. வரி கட்டிய குடியானவனுக்கு மட்டும் இரு மொழியிலும் பட்டமில்லை.