ஒரு வெண்கலக்காசும் ஒரு துறைமுக நகரும்

மனிதருக்குப் பிறந்தநாள் இருப்பதுபோல நகரங்களுக்கும் பிறந்தநாள் உண்டு. கி. பி. 330ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள், பொஸ்பரஸ் நீரிணையின் கரையிலே, கொன்ஸ்தந்தைன் சக்கரவர்த்தி தமது புதிய தலைநகருக்கு மங்கல விழா எடுத்தார். அந்நகரே கொன்ஸ்தாந்திநோப்பிள். அதன் தோற்றத்தை உலகறியச் செய்ய அவர் வெளியிட்ட சின்னஞ்சிறு காசொன்றைப் பற்றியே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

அது ஏறக்குறைய 18 மில்லிமீற்றர் குறுக்களவும் 2½ கிராம் நிறையும் உடைய வெண்கலக்காசு. அதன் முன்புறத்தில், தலைக்கவசம் அணிந்து தோளிற் செங்கோல் சாத்திய ஒரு பெண்ணுருவம் காணப்படுகின்றது. நகரத்தையே தெய்வமாக உருவகித்த வடிவம் அது. சுற்றிலும் இலத்தீன் எழுத்தில் நகரின் பெயர் உள்ளது. பின்புறத்திலே சிறகுடைய வெற்றித்தேவி, ஈட்டியும் கேடயமும் தாங்கி, ஒரு கப்பலின் அணியத்தின்மீது நிற்கின்றாள். இதற்கு இணையாக உரோமாபுரிக்கும் ஒரு காசு வெளிவந்தது. அதிலே ரோமுலஸ், ரீமஸ் என்னும் இரட்டையருக்குப் பாலூட்டும் ஓநாயைக் காண்கிறோம். மேற்கே திரியர் முதல் தெற்கே அலெக்சாந்திரியா வரை பேரரசின் அக்கசாலைகள் பலவற்றில் இவ்விரு காசுகளும் அச்சிடப்பட்டன. பழைய தலைநகருக்குப் புதியது சளைத்ததன்று என்பதைச் சந்தைக்குச் சென்றவரெல்லாம் தம் கையிலேயே கண்டனர்.

நாம் மிஷன் பாடசாலையிற் சரித்திரம் கற்ற காலத்தில், கொன்ஸ்தந்தைன் கிறிஸ்தவத்தை ஆதரித்த முதற் சக்கரவர்த்தி என்று படித்தோம். அது மெய்யே. 313இல் அச்சமயத்தவர்க்கு வழிபாட்டுச் சுதந்திரம் அளித்தவரும், 325இல் நிசேயாவிற் சமயச் சங்கத்தைக் கூட்டியவரும் அவரே. ஆயினும் அவர் தம் நகருக்கு எடுத்த காசின் இரு புறங்களிலும் நிற்போர் பழைய மரபின் தேவியரன்றோ! இது முரண்பாடாகத் தோன்றலாம். பேரரசின் மக்களோ இன்னும் பெரும்பாலும் பழைய வழிபாட்டினராகவே இருந்தனர். போர்வீரனும் உழவனும் கடைக்காரனும் கையாளும் காசு, அவர்கள் அறிந்த உருவங்களாலேயே பேசவேண்டியிருந்தது. புதுமையை அறிவிக்கப் பழமையின் மொழியே உதவியது.

நகரமும் அவ்வாறே. அது வெறுநிலத்தில் எழுந்ததன்று. மெகாரா நாட்டுக் கிரேக்கர் கி. மு. ஏழாம் நூற்றாண்டளவில் அங்கே பைசாந்தியம் என்னும் ஊரை நிறுவினர். பொற்கொம்பு எனப்படும் இயற்கைத் துறைமுகம் கப்பல்களுக்குக் காப்பளித்தது. கருங்கடலுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே செல்லும் வணிகம் அவ்வாயிலைக் கடந்தே ஆகவேண்டும். கொன்ஸ்தந்தைன் அவ்வூரைப் பெருக்கினார். டெல்பி ஆலயத்திலிருந்து அவர் கொணர்ந்து நாட்டிய பாம்புத்தூண், கி. மு. 479இற் கிரேக்கர் பாரசீகரை வென்றதன் நினைவுச்சின்னம். அதன் அடிப்பாகம் இன்றும் அங்கே நிற்கின்றது. 332 முதல் எகிப்தியக் கோதுமையைக் கப்பலில் வருவித்து நகரமக்களுக்கு இலவசமாக அப்பம் வழங்கினர். காசிலுள்ள கப்பல் வெறும் அலங்காரமன்று. நகரின் உயிர்நாடியே கப்பல்தான்.

அக் கப்பலுக்கு மற்றொரு பொருளும் கூறுவர். 324இல் லிசீனியஸின் கடற்படையை வென்றதன் நினைவு அதுவென்பது சிலர் கருத்து. அப்போரில் வென்றவன் சக்கரவர்த்தியின் மூத்த மகன் கிறிஸ்பஸ். ஈராண்டின் பின் 326இல், தந்தையின் ஆணையாலேயே அவன் கொல்லப்பட்டான். காசிலே வெற்றி உண்டு. வென்றவன் பெயர் இல்லை. ஆயிரம் ஆண்டு வாழ்ந்த பைசாந்தியத்தின் பெயரும் இல்லை. காசு பொய் சொல்வதில்லை. ஆனால் அச்சிட்டவன் விரும்பியதை மட்டுமே சொல்கின்றது.

இவ்வாராய்ச்சி நமக்கு அந்நியமானதன்று. ஈழத்திற் கிடைத்த உரோமக் காசுகளுட் பெரும்பாலானவை நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சிறுகாசுகளே. அவற்றைப் பார்த்து இங்கேயே வார்க்கப்பட்டவையும் உள. ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மஸ் என்னும் அலெக்சாந்திரியர் ஒரு கதை கூறுகின்றார். இலங்கை மன்னன் முன்னிலையிலே, தம் அரசனே பெரியவன் என்று ஒரு பாரசீகன் பெருமை பேசினானாம். சோப்பாத்தர் என்னும் உரோம வணிகர் இரு அரசரின் காசுகளையும் ஒப்பிடுமாறு வேண்டினார். பாரசீக வெள்ளிக்காசினும் உரோமப் பொற்காசு சிறந்ததெனக் கண்ட மன்னன், அவரை யானைமீதேற்றிச் சிறப்பித்தானாம். கதை மெய்யோ புனைவோ, ஓர் அரசின் மதிப்பைக் காசே எடுத்துரைத்தது என்பது தெளிவு. நம் மாதோட்டமும் அக்கடல்வழியில் விளங்கிய துறையே. அதன் பிறந்தநாளைக் கூறும் காசு இல்லை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரப் பதிகங்களும், மண்ணுள் கிடந்த ஓடுகளுமே அதற்குச் சாட்சி.

கொன்ஸ்தாந்திநோப்பிள் 1453இல் துருக்கியர் வசமாயிற்று. 1930 முதல் இஸ்தான்புல் என்பதே அதன் அதிகாரபூர்வமான பெயர். பேரரசு மறைந்தது, வெண்கலக்காசு எஞ்சியது.

சங்கத்து இளைஞர்களே! ஆண்டுதோறும் நாம் வெளியிடும் இம்மலரும் ஒருவகை நினைவுக்காசே. இதில் நம் பெயர்களைப் பொறிக்கும்போது, நமக்குமுன் விளக்கேற்றியோர் பெயர்களை மறவாதிருப்போமாக. பழமையைத் துணைக்கொள்வது தாழ்வன்று. துணைக்கொண்டதை மறைப்பதே தாழ்வு. பெரியோர்கள் தம் நினைவிலுள்ளவற்றைச் சொல்ல, இளையோர் அவற்றை எழுதிவைத்தால், நாளைய ஆராய்ச்சியாளன் விடுபட்ட பெயர்களைத் தேடி அலையவேண்டியதில்லை.