பண்பாட்டாய்வுத் துறையின் தொடக்கம்: ஒரு மறுநோக்கு

பண்பாட்டாய்வு என இன்று பல்கலைக்கழகங்களில் வழங்கும் துறையின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் மூன்று நூல்களையும் ஒரு நிறுவனத்தையும் சுட்டி அமைவர். ரிச்சர்டு ஹாகர்ட்டின் ‘எழுத்தறிவின் பயன்கள்’ 1957இலும், ரேமண்டு வில்லியம்ஸின் ‘பண்பாடும் சமுதாயமும்’ 1958இலும், எட்வர்டு தாம்சனின் ‘ஆங்கிலத் தொழிலாளர் வகுப்பின் உருவாக்கம்’ 1963இலும் வெளிவந்தன. 1964இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் தற்காலப் பண்பாட்டாய்வு நடுவம் நிறுவப்பெற்றது. ஆதலின் துறை பிறந்த காலம் இதுவே என்பது அவர்தம் முடிபு. நூல்களின் ஆண்டுகள் ஐயத்திற்கு இடமற்றவை. ஆயின் நூல் வெளிவந்த ஆண்டே ஆராய்ச்சி பிறந்த ஆண்டாகுமோ எனும் வினா எஞ்சி நிற்கின்றது. பாடல் தோன்றிய காலத்தையும் அது தொகை நூலிற் சேர்ந்த காலத்தையும் வேறு பிரித்தறியும் பயிற்சியுடைய நமக்கு இவ்வினா புதிதன்று.

இவ்வழக்கினை முதற்கண் எழுப்பியவர் அம்மூவருள் ஒருவரே என்பது கருதத்தக்கது. 1986இல், தாம் இறப்பதற்கு ஈராண்டு முன்னர் ஆற்றிய ஓர் உரையில், நூல்களைக் கொண்டு இத்துறைக்குக் காலங் கணித்தல் பிழை என்றும், 1940களின் பிற்பகுதியில் முதியோர் கல்வி வகுப்புகளிலேயே இவ்வாய்வு நிகழ்ந்துவந்தது என்றும் வில்லியம்ஸ் கூறினார். இக்கூற்றினை முதுமைக்கால நினைவேக்கம் எனத் தள்ளுதல் எளிது. அங்ஙனம் தள்ளுதற்கு இல்லை என்பதனையும், அதனை ஓரெல்லைக்குமேற் கொள்ளுதற்கும் இல்லை என்பதனையும் ஈண்டுக் காட்ட முயல்வோம்.

முதியோர் கல்வி என்றவுடன் நம் நாட்டில் எழுத்தறிவித்தலே நினைவிற்கு வரும். இங்கிலாந்தில் அச்சொல் குறித்தது வேறு. தொழிலாளர் கல்விக் கழகம் 1903இல் ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் என்பவரால் தொடங்கப்பெற்றது. அக்கழகமும் பல்கலைக்கழகங்களும் கூடி, வேலை முடித்து மாலையில் வருவோர்க்கு மூன்றாண்டு தொடரும் வகுப்புகளை நடத்தின. 1908இல் லாங்டன், ராச்டேல் எனும் ஊர்களில் பொருளியல் வரலாற்றறிஞர் டானி நடத்தியவை இவற்றுள் முதலாவன. தேர்வு இல்லை, பட்டம் இல்லை. வாரந்தோறும் இரண்டு மணி நேரம் வகுப்பு. முதல் மணி நேரம் ஆசிரியர் உரைப்பார். இரண்டாம் மணி நேரம் மாணவர்க்கு உரியது. வினவுதலும் மறுத்தலும் தம் வாழ்க்கை அறிவினைக் கொண்டு ஆசிரியர் கூற்றினை உரைத்துப் பார்த்தலும் அந்நேரத்தே நிகழும். இவ்விரண்டாம் மணி நேரமே நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது என்க.

மேற்சுட்டிய மூவரும் இவ்வகுப்புகளின் ஆசிரியர்களே. ஹாகர்ட் 1946 முதல் 1959 வரை ஹல் பல்கலைக்கழகத்தின் சார்பிலும், வில்லியம்ஸ் 1946 முதல் 1961 வரை ஆக்ஸ்போர்டின் சார்பிலும், தாம்சன் 1948 முதல் 1965 வரை லீட்ஸின் சார்பிலும் பணியாற்றினர். வில்லியம்ஸ் வேல்ஸ் நாட்டு எல்லைச் சிற்றூர் ஒன்றில் இருப்புப்பாதைக் கைகாட்டிப் பணியாளர் ஒருவரின் மகன். ஹாகர்ட் லீட்ஸின் ஹன்ஸ்லெட் பகுதியில் பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். தாம்சன் தம் நூன்முகத்திலேயே வகுப்பு மாணவரிடம் தாம் கற்றதைக் குறிப்பிட்டு நன்றி கூறுகின்றார். இதனைச் சடங்குரை எனக் கொள்ளுதல் பொருந்தாது. நெசவாளரைப் பற்றிய அதிகாரங்கள் எழுந்தது, யார்க்ஷயரின் ஆலை நகரங்களில் அந்நெசவாளர் வழித்தோன்றல்களிடையே அவர் வகுப்பு நடத்திய காலத்தேயாம்.

வில்லியம்ஸிடம் சான்று இன்னும் தெளிவு. 1948இல் எலியட் பண்பாடு எனும் சொல்லுக்கு வரையறை காண முயன்று ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு மறுமொழி தேடி, அடுத்த ஆண்டில் தம் முதியோர் வகுப்பிலே வில்லியம்ஸ் அச்சொல்லின் பொருள் வரலாற்றை ஆராயத் தொடங்கினார். அவ்வகுப்பே ‘பண்பாடும் சமுதாயமும்’ எனும் நூலின் கருவாயிற்று. நூலின் பின்னிணைப்பாக எழுதிய சொல்விளக்கம், நூல் நீண்டதென்று பதிப்பாளரால் விலக்கப்பட்டு, விரிவுபெற்று ‘திறவுச்சொற்கள்’ எனும் பெயரில் 1976இலேதான் வெளிவந்தது. கருத்துத் தோன்றிய காலத்திற்கும் நூல் தோன்றிய காலத்திற்கும் இடைப்பட்ட தொலைவை இதனினும் நன்கு காட்டும் சான்று வேண்டா.

ஹாகர்ட் நூலின் அமைப்பையும் நோக்குவோம். மலிவு நாவல்களையும் வார இதழ்களையும் ஆராயும் பிற்பகுதியே முதலில் எழுதப்பட்டது. தொழிலாளர் இல்ல வாழ்க்கையைக் கூறும் முற்பகுதி பின்னர்ச் சேர்ந்தது. தொடக்கத்தில் அவர்முன் இருந்த மாதிரி திருமதி கியூ. டி. லீவிஸ் 1932இல் வெளியிட்ட ‘புனைகதையும் வாசகப் பெருங்குழுவும்’ எனும் நூல். அவ்வம்மையார் வினாத்தாள் விடுத்தது நாவலாசிரியர்க்கு. வாசகரோ அந்நூலிற் பேசுவதில்லை, பேசப்படுகின்றனர். ஹாகர்ட் வாரந்தோறும் வாசகரோடு அமர்ந்திருந்தவர். ஒரு மலிவுக்கதையைப் படிப்பவள் அதனை எங்ஙனம் எடுத்துக்கொள்கின்றாள், எதனை நம்பாமல் நகைத்து ஒதுக்குகின்றாள் எனும் வினா அவர்க்கு எழுந்தது இயல்பே. அவ்வினாவிற்கு விடை கூறவே முற்பகுதி வேண்டியதாயிற்று.

இந்நூலைப் பற்றி மூலபாட ஆராய்ச்சியாளர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. உண்மையான கதைகளிலிருந்து எடுத்த மேற்கோள்கள் அவதூறு வழக்கிற்கு இடந்தரும் என வழக்கறிஞர் அஞ்சியமையின், அவற்றை நீக்கி, அவை போன்றவற்றைத் தாமே புனைந்து சேர்த்தார் ஹாகர்ட். ‘எழுத்தறிவின் தீப்பயன்கள்’ எனும் பொருள்பட இருந்த தலைப்பும் மாறிற்று. எனவே ஆராயப்பட்ட இலக்கியமே ஆராய்ந்தவரின் கைவண்ணம்! இத்துணை நாணயமான நூலில் இத்துணைப் பெரிய போலி பிறிதில்லை எனலாம்.

இனி, வில்லியம்ஸின் கூற்றிற்கு எல்லை எங்கே என்பது. ஹாகர்ட் நூலில் மிக வலுவிழந்த பக்கங்கள், பால் விடுதிகளிற் கூடி இசைப்பெட்டிக்குக் காசிட்டு நின்ற இளைஞரைப் பற்றியவை. அவர்களைக் கண்ட அளவில் வெறுத்து, அவர்களை ஒருமுறையேனும் வினவாது அவர் கடந்து சென்றார். காரணம் வெளிப்படை: அவ்விளைஞர் மாலை வகுப்பிற்கு வந்தவரல்லர். ஆர்வமுடைய மூத்தோரின் குரலை மட்டுமே வகுப்பு ஆசிரியர்க்குக் கேட்பித்தது. முதியோர் கல்வியே அனைத்திற்கும் ஊற்று என்பார் இதனையும் ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.

1962இல் பர்மிங்காமில் ஆங்கிலப் பேராசிரியராகிய ஹாகர்ட், அடுத்த ஆண்டுத் தொடக்கவுரையிலே புதிய ஆய்வுநெறி ஒன்றை முன்மொழிந்தார். பல்கலைக்கழகம் இடம் தந்தது, பொருள் தரவில்லை. 1960இல் லாரன்ஸின் நாவல் பற்றிய வழக்கில் பெங்குவின் பதிப்பகத்திற்காகச் சான்று பகர்ந்தவர் ஹாகர்ட். அப்பதிப்பகத்தின் ஆலன் லேன் ஆண்டுக்கு 2,400 பவுன் வீதம் ஏழாண்டு அளிக்க இசைந்தார். அப்பொருளைக் கொண்டு ஜமைக்காவிற் பிறந்த ஸ்டுவர்ட் ஹால் 1964இல் ஆய்வாளராக அமர்த்தப்பெற்றார். நடுவம் திறந்த நாளில், ஆங்கிலத்துறையினர் சிலரிடமிருந்து, தம்மால் வரவேற்க இயலாது எனும் பொருள்பட ஒரு மடல் வந்ததையும், எல்லை மீற வேண்டா எனச் சமூகவியலார் எச்சரித்ததையும் ஹால் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். அதே ஆண்டுகளில் அதே பல்கலைக்கழகத்தின் கிரேக்கத்துறையில் ஜார்ஜ் தாம்சனிடம் க. கைலாசபதி தமிழ் வீரயுகப் பாடல்களை ஆராய்ந்து 1966இல் முனைவர் பட்டம் பெற்றார் என்பதும் தமிழ் மாணவர் மறத்தற்கில்லை. இலக்கியத்தைச் சமுதாயத்தோடு ஒட்டி நோக்கும் இரு வேறு வழிகள் ஒரே வளாகத்தில் அருகருகே இருந்தன.

1968இல் ஹாலே பொறுப்பேற்றார். ஆசிரியர் மிகச் சிலர். மாணவர் பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர். குழுக்களாகக் கூடி விவாதித்தனர். சைக்ளோஸ்டைல் செய்த தாள்களாகவே ஆய்வுகளை முதலில் வெளியிட்டனர். ஹாகர்ட் வெறுத்தொதுக்கிய இளைஞரே முதற் பொருளாயினர். 1975இல் வந்த இளைஞர் குழுக்கள் பற்றிய தொகுப்பும், 1977இல் பால் வில்லிஸ் பள்ளிச் சிறுவர் பற்றி எழுதிய நூலும், 1979இல் டிக் ஹெப்டிஜ் எழுதிய நூலும் அக்குறையை நிரப்பின. 1978இல் பெண்கள் குழுவினரும் 1982இல் நிறவெறியை ஆராய்ந்தோரும் நடுவத்தின் குறைகளையே நடுவத்தின் பெயரால் வெளியிட்டனர்.

டேவிட் மார்லி 1980இல் வெளியிட்ட ஆய்வு நம் வழக்கிற்கு முடிவான சான்று எனக் கருதுகின்றேன். தொலைக்காட்சியின் செய்தித்தொடர் ஒன்றை 29 குழுக்களுக்குக் காட்டினார் அவர். தொழிற்பயிற்சி மாணவர், தொழிற்சங்கத்தார், வங்கி மேலாளர் எனப் பலரும் அக்குழுக்களில் இருந்தனர். கண்டபின் அவர்களைப் பேசவிட்டு, அப்பேச்சினைப் பதிவு செய்து ஆராய்ந்தார். செய்தியை ஆக்கியோர் கருதிய பொருளும் காண்போர் கொள்ளும் பொருளும் ஒன்றாக வேண்டுவதில்லை என ஹால் 1973இல் கூறிய கொள்கைக்கு இது செயல்வடிவம் என்பர். அது மெய்யே. ஆயின், முதலிற் காட்டுதலும் பின்னர்க் கூட்டமாக அமர்ந்து உரையாடச் செய்தலும் எங்கிருந்து வந்தன? பழைய மாலை வகுப்பின் இரண்டாம் மணி நேரமே ஆய்வுமுறையாக மீண்டது எனலாம்.

1979இல் ஹால் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். பள்ளிக் கல்விக்கு மேற் பயின்றிராத வளர்ந்தோர்க்கு இக்கருத்துகளை எடுத்துரைத்தல் இயலுமா எனக் காணவே சென்றதாக அவர் கூறியுள்ளார். பர்மிங்காமில் எஞ்சிய நடுவம் 1980களின் இறுதியில் இளங்கலைப் பாடமும் நடத்தும் துறையாயிற்று. 2001ஆம் ஆண்டு நாடளாவிய ஆராய்ச்சி மதிப்பீட்டில் அத்துறை ‘3அ’ எனும் தரம் பெற்றது. பல்கலைக்கழகம் எதிர்பார்த்த தரம் அதுவன்று. மாணவர் சேர்க்கை குறையாதிருந்தும், பல நாடுகளிலிருந்து எதிர்ப்பு மடல்கள் வந்தும், 2002இல் துறை மூடப்பட்டது. டானியின் வகுப்புகளிலோ தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை.