ரமண மகரிஷியின் துண்டுச் சீட்டுகள்

கூட வேலை செய்பவர் ஓர் உதவி செய்தால் இன்று கைப்பேசியில் கைகூப்பிய படம் ஒன்றை அனுப்பி முடித்துவிடுகிறோம். மேலை நாட்டு அலுவலகங்களில் நான்கு வரி கைப்பட எழுதி அவர் மேசையில் வைக்கும் வழக்கம் உண்டு. நம்மிடம் அது குறைவு. நெருங்கியவரிடம் வாய்விட்டு நன்றி சொன்னால், "என்ன, மூன்றாம் மனுஷனிடம் பேசுவது போலப் பேசுகிறாய்?" என்று கோபித்துக் கொள்வார்கள்.

அப்படியானால் தமிழர்களுக்கு நன்றி தெரியாதா? திருக்குறளின் 11-வது அதிகாரமே 'செய்ந்நன்றியறிதல்'. அங்கே நன்றி என்பது ஒருவர் செய்த நன்மை. அதை மறவாமல் இருப்பதே நன்றியறிதல். இந்த மறவாமை எழுத்தில் எப்படி இருக்கும் என்பதற்குத் திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் வரலாற்றில் சில நல்ல உதாரணங்கள் உள்ளன.

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் 16 வயது மாணவன் வேங்கடராமன் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பினான். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுக்கப்பட்ட 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக் கொண்டான். கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை, மீதி 2 ரூபாய் இதோடு இருக்கிறது என்று சீட்டில் எழுதியிருந்தான். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் வெறும் கோடு! எல்லாவற்றையும் துறந்து போகிறவன் அண்ணனின் கட்டணத்தை மறக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்த இந்த மாணவன்தான் பின்னாளில் ரமண மகரிஷி.

முதல் சில ஆண்டுகள் அவர் பேசவே இல்லை. 1898-ல் தாயார் அழகம்மாள் பவழக்குன்றுக்கு வந்து, வீட்டுக்கு வரும்படி நாள்கணக்கில் அழுது கூப்பிட்டார். பக்கத்தில் இருந்த பச்சையப்ப பிள்ளை என்பவர், எழுதியாவது ஒரு பதில் சொல்லுங்கள் என்று வேண்டினார். ரமணர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நடப்பது நடந்தே தீரும், ஆகவே மௌனமே நல்லது என்பது அதன் சாரம். அதில் அம்மா என்ற அழைப்புகூட இல்லை. அந்தத் தாய் மகன் இல்லாமலே ஊர் திரும்பினார்.

அதே காலத்தில் அவரோடு இருந்து தொண்டு செய்தவர் பழனிசாமி. கேரளத்துக்காரர். தமிழ் நூல்களை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்பட்டார். ரமணர் அந்த நூல்களை வாங்கித் தாமே படித்து அவருக்குச் சாரம் சொன்னார். ரமணருக்கு நூலறிவு வந்ததே இப்படித்தான். துணைக்கு இருந்தவருக்கு உதவப் போய்த் தாமும் கற்றுக் கொண்டார்!

அன்பர்கள் ஊருக்குள் பிட்சைக்குப் போகும்போது பாடிக் கொண்டு போக ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள். 108 கண்ணிகள் கொண்ட 'அருணாசல அட்சரமணமாலை' அப்படிப் பிறந்ததுதான். தமக்கும் சேர்த்துச் சோறு வாங்கி வருகிறவர்களுக்கு, அந்த நடையில் பாடுவதற்கென்றே எழுதப்பட்ட பாட்டு அது.

1916-ல் தாயார் மகனோடு நிலையாகத் தங்க வந்துவிட்டார். சமையல் வேலையைத் தாமே ஏற்றுக் கொண்டார். அம்மா மலையில் இருந்த நாட்களில் ஒருமுறை, அப்பளம் இடக் கொஞ்சம் கை கொடு என்று மகனைக் கேட்டார். ரமணர் அப்பளம் இடவில்லை. பதிலாக 'அப்பளப் பாட்டு' எழுதித் தந்தார். உளுந்து, பிரண்டைச் சாறு, மிளகு, சீரகம், பெருங்காயம் என்று அம்மாவின் கையில் புழங்கிய பொருள்களை வைத்தே வேதாந்தம் சொல்லும் பாட்டு அது. 1898-ல் தாயாருக்குக் கிடைத்த தாளையும் இந்தப் பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னது யாருக்கும் பொருந்தும் ஒரு தத்துவம். பின்னது அந்த ஓர் அம்மாவுக்கு மட்டுமே எழுதக் கூடியது.

1922-ல் தாயார் மறைந்தார். அவர் சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் வளர்ந்தது. அங்கே ரமணர் விடியுமுன்பே எழுந்து அடுக்களைக்குப் போய், சமைப்பவர்களோடு உட்கார்ந்து காய் நறுக்கினார். அச்சுக்கூடத்திலிருந்து வரும் மெய்ப்புத் தாள்களின் வெற்றுப் பக்கங்களைக் கூட வீணாக்காமல் வெட்டித் தைத்துக் குறிப்பேடு ஆக்கினார்.

இந்த வரிசையில் கடைசியாகச் சொல்ல வேண்டியது லட்சுமி. 1926-ல் கன்றாக ஆசிரமத்துக்கு வந்த பசு. 1948 ஜூன் 18-ல் அது இறந்தபோது ரமணர் பக்கத்தில் இருந்தார். அதன் சமாதிக்கு அவரே தமிழில் ஒரு செய்யுள் எழுதினார். ஆண்டு, மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் சொல்லி லட்சுமி முக்தி அடைந்ததைப் பதிவு செய்யும் செய்யுள். பல ஆண்டுகள் பால் கொடுத்த ஒரு மாட்டுக்கு, பெரியவர்களுக்கு எழுதும் முறையிலேயே எழுதினார்.

இவையெல்லாம் நன்றிக் கடிதங்களா என்று கேட்கலாம். ரமணர் அப்படிப் பெயர் வைக்கவில்லை. ஆனால் கூட இருந்தவர் என்ன செய்தார், அவருக்கு என்ன தேவை என்று கவனித்து, அவருக்கென்றே எழுதப்பட்டவை இவை. 'மிக்க நன்றி' என்று அச்சடித்த அட்டையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அப்பளப் பாட்டை வேறு யாருக்குக் கொடுக்க முடியும்?

கூட வேலை செய்பவருக்கு நான்கு வரி எழுத நினைப்பவர்கள் இதைப் பின்பற்றலாம். அவர் செய்த வேலையை அதன் பெயரோடு, நாளோடு எழுதினால் போதும். 'நன்றி' என்ற சொல் விட்டுப் போனாலும் பரவாயில்லை, அவருக்குப் புரிந்துவிடும்.