படிக்கட்டு இல்லாத ஊரில் மூச்சை அளப்பது

நாட்பட்ட சுவாசத்தடை நோய் ஒருவரின் அன்றாட வாழ்வை எவ்வளவு குறுக்கியிருக்கிறது என்று அறிய உலகெங்கும் ஒருசில வினாக்கொத்துகளே கைக்கொள்ளப்படுகின்றன. போல் ஜோன்ஸ் குழுவினர் 1992இல் வெளியிட்ட செயின்ட் ஜோர்ஜ் வினாக்கொத்து 0 முதல் 100 வரை புள்ளியிடும்; புள்ளி கூடக்கூட வாழ்வு மோசம். 2009இல் வந்த 'கேட்' வினாக்கொத்தில் எட்டே வினாக்கள், உச்சம் 40. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவை மூச்சுமுட்டலை ஓரளவு பிடிக்கின்றன, அதனால் பறிபோகும் வாழ்வைப் பிடிப்பதில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

செயின்ட் ஜோர்ஜின் ஆங்கில மூலம் குன்றேறுவதையும் பனி அள்ளுவதையும் கோல்ஃப் ஆடுவதையும் பற்றிக் கேட்கிறது. 'கேட்' வினா எட்டில் ஒன்று குன்றை அல்லது மாடிப்படியைப் பற்றியது. குடாநாடோ தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம். கீரிமலையும் பெயரளவில்தான் மலை. மாடியில்லா வீட்டில் வாழும் முதியவர் அந்த வினாவுக்கு ஊகித்துத்தான் பதில் சொல்லவேண்டும். பனி அள்ளுவதற்குப் பதிலாகத் தோட்டம் கொத்துவதைப் போட்டுவிடலாம் என்பார்கள். போடலாம். ஆனால் சைக்கிளை என்ன செய்வது?

மூல வினாக்கொத்து சைக்கிளோட்டத்தை ஓட்டத்தோடும் போட்டி விளையாட்டோடும் ஒரே வரியில், மிகக் கடினமான செயல்களுள் வைக்கிறது. இங்கே சைக்கிள் சந்தைக்கும் கோயிலுக்கும் தோட்டத்துக்கும் போகும் சாதாரண வழி. முட்டு வருத்தக்காரர் நடையை விட்டாலும் சைக்கிளை விடமாட்டார்; அதற்கு உடலியல் நியாயமும் உண்டு. இந்நோயாளரில் மிதிக்கும்போதைவிட நடக்கும்போதே இரத்த ஒட்சிசன் கூடுதலாக விழுவதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. சமதரையில் மெல்ல மிதிப்பவர் நடக்க முடியாத தூரத்தையும் கடந்துவிடுகிறார். ஆகவே நூறு மீற்றரில் நின்று மூச்சு வாங்குகிறாரா என்று கேட்கும் மூச்சுத்திணறல் படிநிலைக்கு அவரிடம் நேரான பதில் கிடைக்காது. சைக்கிள் ஓடுகிறார் என்ற பதிலோ அவரை நோயற்றவர்போலக் காட்டிவிடும். சோளகக் காற்றுக்கு எதிரே மிதிக்க முடிகிறதா, கரியரில் பேரப்பிள்ளையை ஏற்ற முடிகிறதா என்று கேட்டால்தான் அவருடைய சரிவு தெரியும்.

பெண்களின் நிலை இதைவிட மறைவானது. புகையிலைச் செய்கையும் சுருட்டும் பேர்பெற்ற மண் என்பதால் நோய்க்குக் காரணம் கேட்டால் விரல் ஆண்களை நோக்கியே நீளும். சுருட்டைத் தொடாத பெண்ணோ பொச்சுமட்டையும் பனைமட்டையும் எரியும் குசினியில் பல்லாண்டு புகை குடித்திருப்பார். 1990இல் தொடங்கிய போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் அரிதானபோதும், 2022இல் சமையல் எரிவாயு கிடைக்காதபோதும் விறகடுப்பை விட வழியிருக்கவில்லை. இவரிடம் வீட்டுவேலை செய்ய முடிகிறதா என்று கேட்டால், முடிகிறது என்பார். கிணற்றில் அள்ளும் வாளி எண்ணிக்கை குறைந்ததையும், தேங்காய் துருவுவது மருமகளின் கைக்குப் போனதையும் அவர் நோயாகக் கணக்கிடுவதில்லை. வேலையைக் குறைத்துக்கொண்டவருக்கு மூச்சும் முட்டாது. புள்ளி குறைந்து, வாழ்வு நன்றாயிருப்பதாகத் தாள் சொல்லும்.

சில இழப்புகளுக்கு நுரையீரல் காரணமே அல்ல. இரத்த ஒட்சிசன் மிகக் குறைந்தவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஒட்சிசன் எடுத்தால் ஆயுள் நீளும் என்பதை 1981இல் வெளியான பிரித்தானிய ஆய்வு நிறுவியது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு 13 மணி நேரத்தைத் தொட்டது. மின்சாரத்தில் இயங்கும் ஒட்சிசன் கருவியை மட்டும் நம்பியிருந்தவருக்கு அப்படியான நாளில் மிஞ்சியது 11 மணி நேரம்.

உள்ளூர் வினாக்களைச் சேர்த்தால் பிறநாட்டு ஆய்வுகளோடு ஒப்பிட முடியாமல் போகும் என்ற மறுப்பு நியாயமானது. உடற்பயிற்சியை உள்ளடக்கிய புனர்வாழ்வுச் சிகிச்சையின் பயனை 65 பரிசோதனைகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு காட்ட முடிந்ததே பொது அளவுகோல்கள் இருந்ததால்தான். எனவே மூலத்தைக் கலைக்கவேண்டாம். அதன் புள்ளி தனியே நிற்கட்டும். பக்கத்தில் குடாநாட்டுக்கென ஒரு சிறு இணைப்பு வேண்டும். செயின்ட் ஜோர்ஜில் 4 புள்ளி மாற்றமே சிகிச்சையின் பயனைக் குறிக்கப் போதுமென்று கொள்ளப்படுகிறது. அந்நான்கும் ஊகப் பதில்களிலிருந்து வந்தனவா என்பதை இணைப்பு காட்டிக்கொடுக்கும்.

அதில் முதலில் செத்தவீட்டைச் சேர்ப்பேன். அயலில் சாவு விழுந்தால் போய் நிற்பது இங்கே விலக்கமுடியாத கடமை. போகாமல் விட்டால் அது பகையாகவும் எண்ணப்படும். இருமலுக்கும் சாம்பிராணிப் புகைக்கும் பயந்து வீட்டோடு இருந்துவிடுபவர் எத்தனை பேர் என்று கேட்கவேண்டும். கிளினிக் பயணத்தையும் சேர்க்கவேண்டும்: நெடுந்தீவிலிருந்து படகேறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்து யாழ் போதனா வைத்தியசாலைக்கு வந்து திரும்பும் நோயாளிக்கு, மருந்து வாங்கப் போன நாளே மாதத்தில் அதிகம் களைத்த நாளா என்று.