கல்லறை இல்லாத உறவுகள்

ஆம்பூர், வாணியம்பாடி என்றதும் தோல் பதனிடும் தொழிலே இன்று நினைவுக்கு வருகிறது. ஆனால், இதே பாலாற்றுக் கரை ஒரு காலத்தில் மனிதரையும் கடல் கடந்து அனுப்பி வைத்தது. வேலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த அன்றைய வட ஆர்க்காடு மாவட்டம், மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குத் தொழிலாளரை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று. கங்காணிகள் தம் ஊராரையும் உறவினரையும் திரட்டிச் சென்றதால், அண்ணன் தம்பி, மாமன் மைத்துனன் என ஒரே ஊர்க் குடும்பங்கள் தோட்டத்து லயங்களில் அருகருகே வாழ்ந்தன.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இரயில் பாதை ஒன்றை அவர்கள் அமைக்கத் தொடங்கினர். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க் கைதிகளோடு, மலாயாவிலிருந்து ஏறத்தாழ 75,000 தொழிலாளரும் அங்கே கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். சில மாத வேலை, நல்ல கூலி என்ற வாக்குறுதியில் சென்றோர் முதலில். பலவந்தமாகப் பிடித்துச் செல்லப்பட்டோர் பின்னர். மனைவி மக்களோடு சென்ற குடும்பங்களும் உண்டு.

1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காலரா முகாம்களைச் சூறையாடியது. போர்க் கைதிகளும் ஆயிரக்கணக்கில் மாண்டனர். ஆயினும் அவர்களிடையே மருத்துவர்கள் இருந்தனர், அதிகாரிகள் இருந்தனர், குடிநீரைக் காய்ச்சவும் கழிப்பிடங்களைத் தூய்மையாக வைக்கவும் ஓர் ஒழுங்கு இருந்தது. தமிழ்த் தொழிலாளருக்கு இருந்ததெல்லாம் உடன்வந்த உறவே. நோயாளியைத் தனிக் குடிசைக்கு அகற்றியபோது அதுவும் அறுந்தது. கைதிகளான மருத்துவப் பணியாளர் சிலர் 1943-இன் நடுவில்தான் இம்முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அதற்குள் எண்ணற்றோர் மடிந்திருந்தனர்.

இதே ஆண்டுகளில் ஐரோப்பாவின் நாசி வதை முகாம்களிலும் உறவே கடைசி உடைமையாக இருந்தது. ராவன்ஸ்புரூக் முகாமில் உற்றாரை இழந்த பெண்கள், ஒருவரையொருவர் சகோதரியாக ஏற்று ரொட்டித் துண்டைப் பகிர்ந்துகொண்டனர். 1941-இல் ஆஷ்விட்சில், பட்டினிச் சாவுக்குக் குறிக்கப்பட்ட ஒருவர் தம் மனைவி மக்களை எண்ணிக் கதறியபோது, புனித மாக்சிமிலியன் கோல்பே அவருக்காகத் தம்மைக் கையளித்தார். அம்மனிதர் பிழைத்து மனைவியிடம் திரும்பினார். ஆனால் அவருடைய புதல்வர் இருவரும் போரில் மாண்டிருந்தனர்.

அன்பு உயிரைக் காக்கும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பிழைத்தவர்கள் அதிகம் அன்பு செய்தவர்களும் அல்லர். மடிந்தவர்கள் குறைவாக அன்பு செய்தவர்களும் அல்லர். தூய நீரும் மருந்தும் மறுக்கப்பட்ட இடத்தில், தாயின் மடிகூட மகனைக் காப்பாற்ற இயலவில்லை. ஆகவே மடிந்தோரின் அன்பைக் குறைத்து மதிப்பிடாதிருப்போம். அவர்களைக் கைவிட்ட கொடுமையை மறவாதிருப்போம்.

காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் ஏறக்குறைய ஏழாயிரம் கைதிகள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பெரும்பாலான கல்லறைகளில் பெயர் உண்டு. தமிழருக்கோ 2023-இல்தான் அங்கே ஒரு நடுகல் எழுந்தது. அதற்குரிய பெயர்கள் நம் குடும்பங்களின் நினைவில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். மலாயாவுக்குப் போய்க் கடிதம் நின்றுபோன பெரிய பாட்டனார் எவரேனும் உண்டா என்று வீட்டு முதியோரிடம் கேளுங்கள். கிடைக்கும் பெயரை எழுதி வையுங்கள். நவம்பர் 2-ஆம் நாள் நம் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும்போது, கல்லறையே இல்லாத அவருக்காகவும் ஒன்றை ஏற்றுங்கள்.