தோட்டத்திலிருந்து மருத்துவமனைக்கு



ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் இருக்கிறது காஹாங். குளுவாங் இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். மெர்சிங் அதைவிடத் தூரம். காரில் போகிறவருக்கு இது சிறு பயணம். பால்மரக் காட்டில் பாம்பு கடித்தவருக்கும், செம்பனைக் குலை தோளில் விழுந்தவருக்கும் இதே தூரம் எப்படி இருந்தது என்பதை இன்று பார்ப்போம்.

தொடக்கக் காலத்தில் தோட்டங்களில் வண்டி ஏது? கம்பளியையோ சேலையையோ ஒரு கழியில் தூளிபோலக் கட்டி, அதில் அடிபட்டவரைக் கிடத்தி, இருவர் தூக்கி வருவார்கள். தோள் மாற்ற இன்னும் இருவர் கூடவே நடப்பார்கள். மாடு இருந்த தோட்டத்தில் வண்டி கட்டினார்கள். பிறகு பால் ஏற்றும் லோரி வந்தது. 1909இல் ஜொகூர் ரயில்பாதை முடிந்தபின் குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ரயிலில் போக முடிந்தது. ஆனால், குளுவாங்வரை போய்ச் சேருவதே பெரும்பாடு!

பிரெஞ்சுப் படை மருத்துவர் லாரே, காயம்பட்ட வீரர்களைப் போர்க்களத்திலிருந்து விரைந்து எடுத்துவர 1790களிலேயே குதிரை வண்டிகளை அமைத்தார். போர்வீரனுக்குக் கிடைத்த வண்டி பால்வெட்டுத் தொழிலாளிக்குக் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று.

ஆங்கிலேயர் காலச் சட்டங்கள் தோட்டத்துக்கு மருத்துவ வசதி வேண்டும் என்றன. பல தோட்டங்கள் சேர்ந்து ஒரு மருத்துவமனை வைத்ததும் உண்டு. ஆயினும் பெரும்பாலோர் முதலில் கண்ட முகம் டாக்டருடையது அன்று; டிரசருடையது. காயத்துக்குக் கட்டுப்போட்டதும், காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்ததும் அவரே. 1965இல்தான் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டம் வந்தது.

பெரியவர்கள் சொல்ல நாங்கள் கேட்ட செய்தி ஒன்று. ஒரு தோட்டத்தில் சரிவில் விழுந்து இடுப்பு முறிந்தவரைப் பார்த்த டிரசர், "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்றார். லோரி வாசலில் நின்றது. துரையின் அனுமதி இல்லாமல் அதை எடுக்க முடியாது. துரையோ வெளியே போயிருந்தார். அவர் திரும்பும்வரை அந்த மனிதர் தாழ்வாரத்தில் கிடந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் மறுபடி நிமிர்ந்து நடக்கவில்லை. தூரம் என்பது மைல் கணக்கு மட்டும் அன்று என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

1953இல் மலாயாவில் கிராமப்புறச் சுகாதாரத் திட்டம் தொடங்கிற்று. சுதந்திரத்துக்குப்பின் சுகாதார நிலையங்கள் பெருகின. ஆனால் தோட்டம் தனியார் நிலம் எனக் கருதப்பட்டதால், கிராம வளர்ச்சியின் பல நன்மைகள் தோட்டத்து வாசலோடு நின்றன. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த சொக்சோ, வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு தந்தது. இழப்பீடு பெறவும் முதலில் உயிரோடு மருத்துவமனை சேர வேண்டுமே!

2007இல் மலேசியாவின் அவசர உதவிகள் 999 என்ற ஒரே எண்ணின்கீழ் வந்தன. தமிழ்நாட்டில் 2008இல் 108 சேவை தொடங்கிற்று. இன்று வண்டியை அழைக்க எவர் கையெழுத்தும் தேவையில்லை. ஆனால் செம்பனைக் காட்டுப் பாதைக்குப் பெயர்ப்பலகை ஏது?

ஆகவே தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது இது: தோட்டத்தின் பெயர், நிரை எண், பெரிய சாலையில் திரும்பும் இடம், இம்மூன்றையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். 999க்கு அழைத்ததும் ஒருவர் சந்திப்பில் போய் நின்று வண்டிக்கு வழிகாட்டட்டும்.

அன்று தோள் கொடுத்தார்கள். இன்று வழி காட்டுவோம்.