பரிசுத்தம்

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் நந்தியும் பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் தலைகாட்டும். 1934-இல் அணை முடிந்தபோது சனங்கள் கரையேறினார்கள், கட்டடங்கள் தண்ணீருக்குள் தங்கிவிட்டன.

அந்தத் தேவாலயத்தைப் பார்த்தால் நினைவுக்கு வரும் 'பரிசுத்தம்' என்ற சொல் வடசொல். 'பரி' என்றால் முழுக்க, சுத்தம் தெரிந்ததுதான். விவிலியத்தில் அது பெயர்க்கும் எபிரேயச் சொல் 'கதோஷ்'. தனியே பிரித்து வைக்கப்பட்டது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். கத்தோலிக்கர் முன்பு புனிதர்களை 'அர்ச்சியசிஷ்ட' என்றார்கள் (வாய் சுளுக்கும்!); இன்று 'புனித'.

பிரித்து வைப்பதென்றால் ஊரைவிட்டு ஒதுங்குவதா? இல்லை என்பதுபோல, 2018-இல் போப் பிரான்சிஸ் நம்மிடையே வாழும் 'பக்கத்து வீட்டுப் புனிதர்களை'ப் பற்றி எழுதினார். தராசைச் சரியாகப் பிடிக்கும் அணை மீன்காரரையும் 'பரிசுத்தம்' என்ற சொல்லுக்குள் சேர்க்கலாம்.